மடத்திலிருந்து வந்த சாம்பியன்கள்

1972 மார்ச். அமெரிக்கக் கல்லூரிப் பெண்களுக்கான விளையாட்டுச் சங்கமான ஏ.ஐ.ஏ.டபிள்யூ.வின் முதல் தேசியக் கூடைப்பந்துப் போட்டி இல்லினாய் மாநிலம் நார்மல் நகரில் நடந்தது. களமிறங்கிய 16 அணிகளில் இம்மாகுலட்டாவும் ஒன்று. பென்சில்வேனியாவில் கன்னியாஸ்திரீகள் நடத்திய சிறு கல்லூரி. அதன் விளையாட்டரங்கம் 1967இல் எரிந்துபோனதால் பயிற்சியெல்லாம் மடத்தின் அடித்தளக் கூடத்தில்தான். டூத் பிரஷ் விற்றுப் பணம் சேர்த்தும் எட்டு வீராங்கனைகள்தான் விமானம் ஏற முடிந்தது. சீருடையோ மடிப்பு வைத்த கம்பளிப் பாவாடை! அதில் எப்படித்தான் ஓடினார்களோ.

சில நாட்களுக்கு முன் தங்களை 32 புள்ளிகள் வித்தியாசத்தில் நொறுக்கிய வெஸ்ட் செஸ்டரை இறுதியாட்டத்தில் 52–48 என வென்றார்கள். பயிற்சியாளர் கேத்தி ரஷ். 1973, 1974 கோப்பைகளும் இவர்களுக்கே. இத்தனைக்கும், கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்த டைட்டில் நைன் சட்டம் கையெழுத்தானது, முதல் வெற்றிக்கு மூன்று மாதம் கழித்து.