ஒரே க்ளிக்கில் 200 மெயில்: எக்செல் மேக்ரோவை எங்கே நம்பலாம், எங்கே உஷாராக இருக்கணும்?

மாதக் கடைசி வந்தாலே எச்.ஆர். பிரிவில் இருப்பவர்களுக்கு ஒரு வேலை காத்திருக்கும். 200 ஊழியர்கள், 200 பே ஸ்லிப். ஒவ்வொன்றையும் தேடி எடுத்து, மெயிலில் இணைத்து, முகவரி போட்டு அனுப்ப வேண்டும். ஒரு மெயிலுக்கு 2 நிமிடம் என்று வைத்தாலும் ஆறரை மணி நேரத்துக்கு மேல் காலி. இதை எக்செல் மேக்ரோ சில நிமிடங்களில் முடித்துவிடும். ஆனால் அதே சில நிமிடங்களில், 200 பேரின் சம்பள விவரத்தையும் வேறு 200 பேருக்கு அனுப்பிவைக்கவும் அதனால் முடியும்!

மேக்ரோ என்பது என்ன?

எக்செலில் கையால் செய்யும் வேலைகளை வரிசையாக எழுதிவைத்து, ஒரே க்ளிக்கில் ஓடவிடும் சின்ன புரோகிராம்தான் மேக்ரோ. இதை எழுதும் மொழி விபிஏ. 1993-ல் எக்செல் 5.0 உடன் வந்தது. ஆல்ட், எஃப்11 இரண்டையும் சேர்த்து அழுத்தினால் எடிட்டர் திறக்கும். ஃபைலை 'எக்ஸ்எல்எஸ்எம்' வகையில் சேமிக்க வேண்டும். வழக்கமான 'எக்ஸ்எல்எஸ்எக்ஸ்' ஆகச் சேமித்தால் எழுதிய கோட் போச்சு.

மெயில் எப்படிப் போகிறது?

எக்செல் நேரடியாக மெயில் அனுப்புவதில்லை. அதே கம்ப்யூட்டரில் இருக்கும் அவுட்லுக்கை எழுப்பி, அதன் வழியாக அனுப்புகிறது. ஷீட்டில் பெயர், மெயில் ஐடி, பிடிஎஃப் இருக்கும் இடம் என மூன்று காலம். மேக்ரோ ஒவ்வொரு வரிசையாக இறங்கி, புது மெயில் உருவாக்கி, ஃபைலை இணைத்து, அனுப்பிவிட்டு அடுத்த வரிசைக்குப் போகும். அவ்வளவுதான்.

சிக்கலும் இங்கேதான். மேக்ரோவுக்கு ஆளைத் தெரியாது, வரிசையை மட்டுமே தெரியும். யாரோ ஒருவர் மெயில் ஐடி காலத்தை மட்டும் தனியாக 'சார்ட்' செய்துவிட்டால், பெயர் ஒரு பக்கம், முகவரி ஒரு பக்கம் எனக் கலைந்துவிடும். பக்கத்துக் காலங்களையும் சேர்க்கவா என்று எக்செல் கேட்கத்தான் செய்கிறது. அவசரத்தில் அதை யார் படிக்கிறார்கள்?

இன்னொரு வில்லன், இணையத்திலிருந்து காப்பி செய்யும் கோடில் அடிக்கடி ஒட்டிக்கொண்டு வரும் 'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்' என்ற வரி. தப்பு நடந்தாலும் வாயைத் திறக்காமல் அடுத்த வேலைக்குப் போ என்று அர்த்தம். பிடிஎஃப் கிடைக்காவிட்டாலும், இணைப்பே இல்லாத மெயில் கமுக்கமாகப் போய்விடும்.

முதலில் டிராஃப்ட், அப்புறம் சென்ட்

கோடின் கடைசியில் வரும் 'சென்ட்' என்ற ஒரு சொல்லை 'டிஸ்ப்ளே' என்று மாற்றினால், மெயில் போகாமல் திரையில் திறந்து நிற்கும். நாலைந்து மெயிலுக்கு இது போதும். 200 ஜன்னல் திறந்தால் கம்ப்யூட்டர் திணறும் என்பதால், நிறைய மெயிலுக்கு 'சேவ்' என்று போடலாம். எல்லாம் டிராஃப்ட்ஸ் ஃபோல்டரில் போய் உட்காரும். முதல், நடு, கடைசி என அங்கங்கே திறந்து பார்த்துவிட்டு அனுப்பலாம். இதைவிட நல்ல பூட்டு, பிடிஎஃப் பெயரிலேயே ஊழியர் எண்ணை வைப்பது. ஷீட்டில் மெயில் ஐடிக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணும், ஃபைல் பெயரில் உள்ள எண்ணும் ஒத்துப்போனால் மட்டுமே இணைக்கும்படி கோடில் ஒரு 'இஃப்' வரி போதும். காலம் காலமாகப் பிரித்து சார்ட் செய்யும் ஆபத்துக்கு ஷீட்டை லாக் செய்வதும் உதவும்.

சேமிப்பதில் உள்ள சங்கடங்கள்

அனுப்பிய மெயிலின் நகல் ஆடிட்டுக்குத் தேவைப்படும். 'சேவ்ஆஸ்' கட்டளையால் ஒவ்வொன்றையும் தனி ஃபைலாக எடுக்கலாம். ஆனால் 'சென்ட்' ஆன பிறகு அந்த மெயிலை மேக்ரோவால் தொட முடியாது, எரர் வரும். அனுப்புவதற்கு முன்பே சேமித்தால், அதில் அனுப்பிய நேரம் இருக்காது. ஆதாரமாக வேண்டுமென்றால், சென்ட் ஐட்டம்ஸ் ஃபோல்டரிலிருந்து தனி மேக்ரோவால் எடுப்பதுதான் சரி. சப்ஜெக்ட்டையே ஃபைல் பெயராக வைப்பவர்கள் கவனிக்க: முக்காற்புள்ளி, சாய்வுக்கோடு போன்றவற்றை விண்டோஸ் ஃபைல் பெயரில் ஏற்காது. 'ரீ:' என்று தொடங்கும் மெயிலிலேயே மேக்ரோ தடுமாறும்.

வந்த மெயில்களின் இணைப்புகளைச் சேமிக்கும்போது வேறொரு தலைவலி. பத்து வெண்டர்களும் 'இன்வாய்ஸ்' என்ற ஒரே பெயரில் அனுப்பினால், ஒன்றின் மேல் ஒன்று எழுதப்பட்டு கடைசி ஃபைல் மட்டுமே மிஞ்சும். பெயரோடு தேதியையும் நேரத்தையும் சேர்ப்பது நல்லது.

மேக்ரோ என்றாலே ஏன் எச்சரிக்கை வருகிறது?

1999 மார்ச்சில் பரவிய மெலிசா வைரஸ், வேர்டு ஃபைலுக்குள் ஒளிந்திருந்த மேக்ரோதான். அவுட்லுக் முகவரிப் பட்டியலில் உள்ள முதல் 50 பேருக்குத் தன்னையே அனுப்பிக்கொண்டது. எச்.ஆர். பிரிவு பயன்படுத்தும் அதே டெக்னிக்! இணையத்திலிருந்து வரும் ஃபைல்களில் உள்ள மேக்ரோக்களை 2022 முதல் மைக்ரோசாஃப்ட் தானாகவே தடுக்கிறது. முன்பின் தெரியாதவர் அனுப்பிய ஃபைலுக்காக அந்தத் தடையை நீக்குவது வினையை விலை கொடுத்து வாங்குவது.

இனி எத்தனை நாள்?

விண்டோஸுக்கான 'நியூ அவுட்லுக்' விபிஏவை ஆதரிப்பதில்லை. பழைய 'கிளாசிக்' அவுட்லுக் இருந்தால்தான் இந்த மேக்ரோக்கள் ஓடும். ஆபீஸில் யாராவது 'நியூ' பட்டனைத் தட்டிவிட்டால், நேற்று வரை ஓடிய மேக்ரோ இன்று நின்றுபோகும். கூகுள் ஷீட்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு ஆப்ஸ் ஸ்கிரிப்ட் இருக்கிறது. ஆனால் இலவச ஜிமெயில் கணக்கில் ஸ்கிரிப்ட் மூலம் ஒரு நாளைக்கு 100 பேருக்குத்தான் அனுப்ப முடியும். 200 பே ஸ்லிப் என்றால் இரண்டு நாள் ஆகும்.