குறுக்கே நிற்கும் சட்டம்!

பழைய கார் வைத்திருப்பவர்களைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். கல்யாண வீட்டில்கூட சாம்பாரை விட்டுவிட்டு கிளட்ச் பற்றிப் பேசுவார்கள்!

என் நண்பர் அந்த ரகம். தாத்தா வாங்கிய 1968 அம்பாஸிடர் மார்க் டூ. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் உறுமும். வண்டி மட்டும் அரசாங்க ஃபைல் மாதிரி நகராது. கிளட்ச் பிளேட் தேய்ந்திருந்தது. "குறுக்கே ஒரு சட்டம் தடுக்குது சார், போல்ட் எல்லாம் துரு. கேஸ் வெச்சு அறுத்துட்டு, அப்புறம் வெல்டிங் அடிச்சிடலாம்" என்றார்களாம் ஒரு பட்டறையில். நண்பருக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு, மண்ணூரில் இருக்கும் வயதான மெக்கானிக்கிடம் வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்.

மண்ணூரைச் சுற்றிப் புது கார்களின் ராஜ்ஜியம். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் சான்ட்ரோ பிறந்தது. ஒரகடத்தில் 2010-ல் நிஸான் வந்தது. நடுவில் இவர் ஒரு தகர ஷெட்டில் தாத்தா கார்களுக்கு வைத்தியம் பார்க்கிறார்.

"அறுக்கறதா? இடுப்பெலும்பை அறுத்துட்டு ஃபெவிகால் போட்டு ஒட்டுவியா தம்பி?" என்றார் எடுத்த எடுப்பில்.

விஷயம் இதுதான். இன்ஜின் முன்னால், கியர்பாக்ஸ் பின்னால், நடுவில் சாண்ட்விச் தக்காளி மாதிரி கிளட்ச். அதைத் தொட வேண்டுமானால் கியர்பாக்ஸைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். அதன் வாலை ரப்பர் வைத்துத் தாங்கி நிற்பதுதான் கிராஸ் மெம்பர் என்கிற அந்தக் குறுக்குச் சட்டம்.

"வண்டலூர்ல 1961-லேர்ந்து செஞ்சாங்களே ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, அதுல இந்தத் தொல்லை இல்ல. சீட்டைக் கழட்டி, நடுவுல இருக்கிற மூடியை எடுத்தா, கியர்பாக்ஸை உள்ளேர்ந்தே தூக்கிடலாம். அம்பாஸிடருக்குத் தரையில படுத்தாதான் வரம் கிடைக்கும்" என்று சிரித்தார்.

முதல் நாள் ராத்திரியே போல்ட்டுகளில் எண்ணெய் விட்டு ஊறப் போட்டார். மறுநாள் வண்டியை ஸ்டாண்டுகளில் நிறுத்தினார். செங்கல் அடுக்குவது தற்கொலைக்குச் சமமாம். புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றுமுன் இரண்டு பக்கமும் சாக்பீஸில் கோடு போட்டார். பழைய ஜோடி பழையபடியே சேர வேண்டுமே! இன்ஜினுக்கு அடியில் பலகை வைத்து ஒரு ஜாக், கியர்பாக்ஸுக்கு இன்னொரு ஜாக். அதற்கப்புறம்தான் சட்டத்தில் ஸ்பானர் பட்டது. அவசரப்பட்டுக் கழற்றினால் இன்ஜினின் வால் தொபுக்கென்று இறங்கி, முன்னால் ஃபேன் ரேடியேட்டரை முத்தமிடும்.

"கியர்பாக்ஸ் கனத்தை கிளட்ச் பிளேட் மேல தொங்க விடாதே. பிளேட் வளைஞ்சிடும். அப்புறம் புதுசு போட்டும் உதறும்" என்று பையனை அதட்டினார்.

பி.காம். படித்த எனக்கு இதற்குள் ஒரு கணக்கு ஓடியது. 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வருஷம் தாண்டிய காரை வின்டேஜ் என்று பதியலாம். புதிதாகப் பதிந்தால் 20,000 ரூபாய், நம்பரில் வி.ஏ. எழுத்து, 10 வருஷம் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய நம்பரே தொடரலாம். ஆபீசுக்கு தினம் ஓட்ட முடியாது என்பது வேறு விஷயம். முக்கியமான நிபந்தனை, சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. கேஸ் கட்டர் பட்ட சட்டத்தைக் காட்டி அதிகாரியிடம் என்ன கதை சொல்வது?

சட்டமும் முழுசாக இறங்கியது. பூட்டும்போது எல்லா போல்ட்டையும் முதலில் கையால் திருகி, சட்டம் தன் இடத்தில் உட்கார்ந்த பிறகே இறுக்கினார். ரப்பர் மட்டும் புதுசு.

அறுக்க அரை மணி. கழற்ற ஒரு ராத்திரி ஊறல், ஒரு பகல் உழைப்பு. பாலன்ஸ் ஷீட்டில் எது லாபம் என்று கேட்டால், பெரியவர் சொன்னதுதான் என் பதிலும்: "குறுக்கே நிக்கிறவன் எல்லாம் எதிரி இல்ல தம்பி. சில பேரு தாங்கிப் பிடிக்கிறவன்!"