எரிந்தால்தான் மருந்தா?

பூலாம்பாடியிலிருந்து வந்த அந்தப் பெண் தலைமேல் போட்டிருந்த துப்பட்டாவை விலக்கியதும் முதலில் வெங்காய வாடைதான் அடித்தது. புண் பிறகுதான் கண்ணில் பட்டது. காதுக்கு மேலே ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு முடி உதிர்ந்திருக்கிறது. புழுவெட்டு என்று பக்கத்து வீட்டில் சொல்ல, பாட்டி சின்ன வெங்காயத்தை நறுக்கிச் சூடு பறக்கத் தேய்த்திருக்கிறார். பெரம்பலூர் மாவட்டத்தில் வெங்காயத்துக்கா பஞ்சம்? காலையும் மாலையும் மூன்று மாதம். இப்போது அந்த இடம் உள்ளங்கை அகலம். ஓரமெல்லாம் தோல் உரிந்து நீர் கசிகிறது.

“ஏம்மா இவ்வளவு நாள் வரலை?”

“எரிஞ்சாதான் மருந்து ஏறுதுன்னு சொன்னாங்க டாக்டர்.”

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துத்தான் இதை எழுதுகிறேன்.

புழுவெட்டில் புழு ஏது?

கிடையாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ஆள் தெரியாமல் முடியின் வேரைத் தாக்குவதுதான் இந்த நோய். பெயரில் புழு இருப்பதால் ஆளாளுக்கு அதைக் கொல்லக் கிளம்புகிறார்கள். வெங்காயம், பூண்டு, எருக்கம்பால், குன்றிமணி அரைத்த விழுது. எருக்கம்பால் ஒரு சொட்டு வழிந்து கண்ணில் பட்டால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கும். குன்றிமணியின் பருப்பு கடும் விஷம். அதைக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் அம்மியில் வைத்து அரைக்கிறார்கள்.

வெங்காயத்துக்கு ஆதாரம் இருக்கிறதே என்று செல்போனை நீட்டுபவர்களும் உண்டு. இருக்கிறது. புழுவெட்டு வந்த 38 பேரை வைத்து பாக்தாத் மருத்துவர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வு அது. சாறு தடவியவர்களில் பெரும்பாலோருக்கு முடி முளைத்தது. ஆனால் அது சிறிய ஆய்வு. புழுவெட்டோ பலருக்கு ஓராண்டுக்குள் தானாகவே சரியாகிவிடும் நோய். அதோடு, அங்கே சாற்றைத் தடவினார்கள். தோலை உரித்தெடுக்கவில்லை. பரம்பரை வழுக்கைக்கும் பொடுகுக்கும் அந்த ஆய்வில் பதிலே இல்லை.

‘தேய்’ என்ற சொல்லே வினை

எண்ணெய் ‘தேய்த்து’க் குளி என்று சொல்லிச் சொல்லியே, பாத்திரம் துலக்குவது போலத் தலையைத் துலக்கப் பழகிவிட்டோம். மசாஜ் என்பது தேய்ப்பதல்ல. நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். சிக்கெடுத்த முடிக்குள் விரல்களை நுழைத்து, நுனிச் சதையைத் தோலில் பதியுங்கள். இனி விரல் வழுக்கக் கூடாது. விரலோடு சேர்ந்து தோல்தான் எலும்பின்மேல் மெல்ல அசைய வேண்டும். ஐந்தாறு சின்ன வட்டம், பிறகு விரலைத் தூக்கி அடுத்த இடம். பிடரியிலிருந்து உச்சிக்கு வந்து சேர நாலைந்து நிமிடம் போதும். வலித்தாலோ எரிந்தாலோ தவறாகச் செய்கிறீர்கள்.

இதனால் பலன் உண்டா? கொஞ்சம் உண்டு. ஜப்பானில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில் ஒன்பது ஆண்கள் தினம் 4 நிமிடம் வீதம் 24 வாரம் கருவி வைத்து மசாஜ் செய்தார்கள். முடியின் தடிமன் 0.085 மில்லிமீட்டரிலிருந்து 0.092 ஆனது. எண்ணிக்கை கூடவில்லை. ஒன்பதே பேர் என்பதையும் மறக்க வேண்டாம். ஆனாலும் செலவில்லாத காரியம், உடம்பிலும் மனசிலும் இறுக்கம் தளரும், தூக்கம் வரும். செய்யுங்கள். வழுக்கையில் முடி முளைக்கும் என்று மட்டும் நம்பிச் செய்யாதீர்கள்.

சலூனில் மசாஜ் முடிந்ததும் கழுத்தை ‘டக்’கென்று நெட்டி முறிப்பார்களே, அதற்குத் தலையாட்டாதீர்கள். கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரை போனதுண்டு.

எண்ணெய் வேருக்கு உணவல்ல

தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் ஊடுருவி, அலசும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கும். வேலை அத்தோடு சரி. வேர் சாப்பிடுவது நீங்கள் சாப்பிடும் முட்டையையும் பருப்பையும் கீரையையும்தான். பொடுகுத் தலையிலோ கதை தலைகீழ்: பொடுகோடு சேர்ந்து பெருகும் பூஞ்சைக்கு எண்ணெய்ப் பசையே தீனி. ‘வறட்சியால் வந்த பொடுகு’ என்று இன்னும் இரண்டு கரண்டி ஊற்றுகிறார்கள்! கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைப் பிள்ளைகள் தலையில் வைக்கவே வைக்காதீர்கள். கை பட்டு வாய்க்குள் போனால் வலிப்பு வரலாம்.

பெருமை எண்ணெய்க்கு

காய்ச்சலோ பிரசவமோ முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் முடி கொத்தாகக் கழன்று வரும். பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானாக நிற்கும். நிற்கிற சமயத்தில் கையில் எந்தப் பாட்டில் இருந்ததோ, அதற்குத்தான் ஊரெல்லாம் புகழ். நிற்காவிட்டால் ரத்தத்தில் ஹீமோகுளோபின், இரும்புச்சத்து இருப்பு, தைராய்டு பார்ப்போம். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. குளியலறையில் உட்கார்ந்து எண்ண வேண்டாம்.

கையெடுத்துக் கேட்கிறேன்

பள்ளிப் பிள்ளையின் தலையில் முடி உதிர்ந்து, சீழ்க்கட்டி போல் புடைத்திருந்தால் அங்கே கை வைக்காதீர்கள். அது பெரும்பாலும் படர்தாமரைப் பூஞ்சை. மாத்திரை கொடுத்தால் ஆறும். எண்ணெய் வைத்து அழுத்திக்கொண்டே நாளைக் கடத்தினால் தழும்பாகி, அந்த இடத்தில் ஆயுசுக்கும் முடி வராது. மருந்துக்கடையில் ‘அரிப்புக்கு ஒரு ட்யூப்’ என்று கேட்டு வாங்கித் தடவாதீர்கள்; அதில் ஸ்டீராய்டு இருந்தால் பூஞ்சை இன்னும் செழிக்கும். ரெட்டைச் சடையை நெற்றித்தோல் இழுபடப் பின்னாதீர்கள். நாணயம் அளவு வழுக்கை தெரிந்த அன்றைக்கே போனில் ஒரு படம் எடுத்து வைத்துவிட்டு, அந்த வாரமே வாருங்கள். தயவுசெய்து மூன்று மாதம் வேண்டாம்.

வரும்போது தலைக்குக் குளித்துவிட்டு, எண்ணெய் வைக்காமல் வாருங்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் எனக்கு எண்ணெய் மட்டும்தான் தெரிகிறது.