கிளமென்டைன்: முந்திவரும் மணம்

பெருநாளுக்குச் சில நாள் முன்பு நாம் வாங்கிய நறுமணக் குப்பி ஒன்றின்மீது 'கிளமென்டைன்' என்று எழுதியிருந்தது. கடையில் முகர்ந்தபோது, கமலாப் பழத்தை அப்போதுதான் உரித்தாற் போன்ற புத்துணர்வு. வீடு வந்து சேர்வதற்குள் அது மறைந்து, மெல்லிய சந்தனச் சாயலே எஞ்சியது. கலப்படம் என்று முடிவுகட்டினோம். இரண்டொருவரிடம் அவ்வாறே சொல்லவும் செய்தோம். பின்னர் அக்கனியைப் பற்றிப் படித்தபோதுதான் கடைக்காரர்மீது வீண்பழி சுமத்தியது விளங்கிற்று.

கிளமென்டைன் பிறந்த இடம் அல்ஜீரியா. ஓரான் நகரை அடுத்த மிஸர்கின் என்னும் ஊரில் கிறித்தவ அநாதை இல்லமொன்றின் தோட்டத்தைப் பேணிய சகோதரர் கிளெமான் அம்மரத்தைக் கண்டெடுத்தார் என்பர். பிரெஞ்சுத் தாவரவியலார் லூயி த்ராபு 1902இல் அவர் பெயராலேயே அதனை அறிமுகப்படுத்தினார். மாண்டரினும் இனிப்பு ஆரஞ்சும் கலந்து தோன்றியது அது என்பதை மரபணு ஆய்வுகள் உறுதிசெய்துள்ளன. நம் வழக்கில் சொன்னால், கமலா இனத்துக்கும் சாத்துக்குடி இனத்துக்கும் பிறந்த பிள்ளை.

அதன் மணம் சாற்றில் இல்லை, தோலில் உள்ளது. தோலை மடக்கி அழுத்தினால் தெறித்துக் கண்ணை எரிக்கிறதே, அந்த நுண்துளி எண்ணெய்தான் மூலப்பொருள். ரோசாவைப் போல இதற்குச் சூடு வேண்டுவதில்லை. தோலைப் பிழிந்தே எடுக்கின்றனர். அவ்வெண்ணெயில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் லிமோனின் என்னும் பொருளே. எனினும் கனிக்குத் தனிமுகம் தருபவை மிகச் சிறிய அளவிலுள்ள ஆல்டிஹைடுகளாம். வீட்டின் பெயரை விளங்கச் செய்பவர் எண்ணிக்கையில் சிலராகவே இருப்பது போன்றது இது.

லிமோனினின் மூலக்கூறு சிறியது; எளிதில் ஆவியாவது. நறுமணக் கலைஞர் ஒரு கலவையை மேல்மணம், நடுமணம், அடிமணம் என மூன்று நிலையாக அமைப்பர். எலுமிச்சை, ஆரஞ்சு, கிளமென்டைன் யாவும் மேல்மணத்தைச் சார்ந்தவை. முதலில் வருவன, முதலில் விடைபெறுவனவும் அவையே. பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் அவற்றின் ஆட்சி முடிந்துவிடும். அதன்பின் மலர்களும், நெடுநேரம் கழித்துச் சந்தனமும் கஸ்தூரியும் பேசும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கொலோன் நகரில் ஜொஹான் மரியா ஃபரினா என்னும் இத்தாலியர் ஆக்கிய புகழ்பெற்ற நறுமணநீரும் இவ்வினக் கனிகளை நம்பியதே. அவ்வகை நீரை மீண்டும் மீண்டும் பூசிக்கொள்வதே வழக்கம். நம்மவர் போற்றும் அத்தரோ சந்தன எண்ணெயை அடித்தளமாகக் கொண்ட மரபினது. நிலைப்பதே அதன் பெருமை. அந்த அளவுகோலால் கிளமென்டைனை அளந்ததே நாம் செய்த பிழை.

நாரத்தை இனக் கனி நமக்குப் புதியதன்று. திருக்குர்ஆனை ஓதும் இறைநம்பிக்கையாளருக்கு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மணமும் சுவையும் ஒருங்கே அமைந்த 'உத்ருஜ்' கனியை உவமை கூறியுள்ளார்கள், அதுவும் இக்குடும்பத்ததே. தமிழாசிரியர் என்னும் உரிமையில் இன்னொன்றும் சொல்லலாம். அரபியரின் 'நாரஞ்ச்', ஸ்பானியரின் 'நாரஞ்சா', ஆங்கிலரின் 'ஆரஞ்சு' ஆகியவற்றின் வேர் நம் நாரத்தையோடு உறவுடைய திராவிடச் சொல் என்பது மொழியறிஞர் பலர் கருத்து. உலகைச் சுற்றிவந்த சொல்லை அயற்சொல்லாக நாம் வரவேற்றுக்கொண்டோம்!

இவ்வெண்ணெய் காற்றுப்பட்டால் கெடும். கெட்டது சிலருக்குத் தோல் அரிப்பையும் தரும். ஆதலின் குப்பியை இறுக மூடி, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும். வாங்கும்போது மணிக்கட்டில் ஒரு துளி தடவி, அரைமணி நேரம் உலாவிவந்து மீண்டும் முகர்ந்து பார்ப்பது நல்லது. அக்கடைக்காரரும் அன்று அதைத்தான் சொன்னார். பேருந்துக்கு நேரமாயிற்று என்று நாம்தாம் காத்திருக்கவில்லை.