உழைக்கும் உடல் – 14
முட்டி வலிக்கு இடுப்பைப் பாருங்கள்

சென்ற வாரம் வேகப்பந்து வீச்சாளர்களின் முதுகைப் பற்றிப் பேசினோம். அவர்களுக்காவது அணியோடு ஒரு பிசியோ கூடவே வருகிறார். பரதம் ஆடுகிறவர்களுக்கு? வலித்தால் தைலம், வீங்கினால் கிரேப் பேண்டேஜ், அதற்கும் அடங்காவிட்டால் ஒரு வலி மாத்திரை. மார்கழி சீசனையே இப்படி ஓட்டிவிடுகிறவர்கள் உண்டு.

1981 விபத்துக்குப் பின் ஒரு காலை இழந்த சுதா சந்திரன், ஜெய்ப்பூர் காலோடு 1984-ல் மேடையேறியது நமக்கெல்லாம் தெரியும். அவர் கதை சினிமாவாகவும் வந்தது. முதல் அடவான தட்டடவிலேயே ஆரம்பித்த வலியோடு வருஷக்கணக்கில் ஆடும் பெண்ணின் முட்டியைப் பற்றி யாரும் படம் எடுப்பதில்லை.

சிக்கல் பெரும்பாலும் அரைமண்டியில் தொடங்குகிறது. பாதங்கள் வெளிப்பக்கம் திரும்பி, முட்டி மடங்கி, முதுகு நிமிர்ந்து நிற்கும் அந்த நிலை, பார்க்கிறவர்களுக்கு முட்டியின் வேலையாகத் தெரியும். உண்மையில் திரும்ப வேண்டியது இடுப்பு மூட்டு. அது பெரும்பாலானவர்களுக்கு 40 முதல் 50 பாகை வரைதான் வெளிப்பக்கம் திரும்பும். எலும்பின் அமைப்பு அப்படி. பயிற்சியால் ஓரளவுக்கு மேல் மாற்ற முடியாது. டீச்சர் தட்டுக்கழியைத் தட்டியபடி "இன்னும் உட்காரு, இன்னும் திருப்பு" என்றால் மாணவி எங்கிருந்து திருப்புவாள்? பாதத்தைத் தரையில் ஊன்றி முறுக்கிக்கொள்வாள். பாத வளைவு தட்டையாகும், முட்டி உள்பக்கம் விழும், இடுப்பு பின்னால் தள்ளி முதுகு குழியும். அதோடு குதித்து ஆடும் குதித்துமெட்டு அடவையும் மூன்று காலத்தில் ஆடினால் முட்டிச்சில்லு என்னதான் செய்யும்?

நடனம் தெரிந்த பிசியோதெரபிஸ்ட் வலிக்கிற இடத்தில் உடனே கை வைக்கமாட்டார். "மண்டி போடும்மா, பார்க்கலாம்" என்பார். பேன்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டச் சொல்லி, முட்டிச்சில்லு காலின் இரண்டாவது விரலுக்கு நேராக நிற்கிறதா, பெருவிரலையும் தாண்டி உள்ளே போகிறதா என்று குனிந்து பார்ப்பார். பிறகு குப்புறப் படுக்கவைத்து, முட்டியை மடக்கி, கெண்டைக்காலை மெல்ல அடுத்த காலின் பக்கம் சாய்த்து இடுப்பு எவ்வளவு திரும்புகிறது என்று அளப்பார். நிற்கும்போது பாதம் 70 பாகை காட்டி, படுக்கையில் இடுப்பு 45-ஐத் தாண்டவில்லை என்றால், மிச்சத்தில் பெரும்பகுதியை முட்டியும் பாதமும்தான் சுமக்கின்றன.

சிகிச்சை அதற்கேற்றபடி அமையும். பாதத்தின் கோணத்தை இடுப்பு தாங்கும் அளவுக்குக் குறைக்க வேண்டும். ஒருக்களித்துப் படுத்து, குதிகால்களைச் சேர்த்தபடி மேல் முட்டியைத் திறந்து மூடும் பயிற்சி இடுப்பின் பின்தசைகளுக்கு. ஒற்றைக் காலில் நின்று 25 முறை குதிகாலைத் தூக்கி இறக்குவது கெண்டைக்காலுக்கு. மெஷின் வைப்பதும் ஒத்தடம் கொடுப்பதும் வலியைத் தணிக்கலாம், தசையை வளர்க்காது.

"மூணு மாசம் ஆடாதே" என்று சொல்லி அனுப்புவது எனக்கு உடன்பாடில்லை. குதிக்கும் அடவுகளை நிறுத்தி, மற்றவற்றைக் குறைத்து, வலி அடங்க அடங்க ஏற்றிக்கொண்டு போவதே பிசியோதெரபி. நம்மிடம் உட்கார்ந்தபடியே பதம் அபிநயிக்கும் மரபு இருக்கிறது. அதைவிட நல்ல ஓய்வு எது?

ஒரு விதிவிலக்கு உண்டு. முன்னங்கால் எலும்பிலோ பாதத்திலோ ஒரு விரலால் தொட்டுக் காட்டுகிற மாதிரி ஒரே புள்ளியில் வலி, ராத்திரியிலும் வலி என்றால் எலும்பில் விரிசலாக இருக்கலாம். ஆட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். காஸ்ட்யூமில் ஒல்லியாகத் தெரியச் சாப்பாட்டைக் குறைத்து, மாதவிலக்கும் தள்ளிப்போகிற பெண்களுக்கு இந்த விரிசல் சீக்கிரம் வரும். அம்மாக்கள் இதைக் கவனியுங்கள்.

பயிற்சியைத் திடீரென்று கூட்டுவதும் வலியைக் கொண்டுவரும். வாரம் இரண்டு வகுப்பு போய்க்கொண்டிருந்தவள், அரங்கேற்றத் தேதி குறித்ததும் தினமும் மூன்று மணி நேரம், கான்கிரீட்டின் மேல் போட்ட மொசைக் தரையில், வெறுங்காலோடு ஆடுகிறாள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும் கச்சேரிக்கு உடம்பைப் பழக்கத்தான் வேண்டும். ஆனால் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக.

ஹால், பக்கவாத்தியம், மேக்கப், சாப்பாடு என்று அரங்கேற்றத்துக்கு ஆறு மாதம் முன்பே முன்பணம் கொடுக்கிறோம். அந்தப் பட்டியலில் ஒரு பிசியோதெரபிஸ்டின் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

(தொடரும்)