பதினோரு பேரில் இல்லாத நாயகன்

மந்தைவெளித் தெருக்களில் பேட்டும் பந்துமாகத் திரியும் தம்பிகளுக்கு ஒரு கேள்வி. ஆடும் பதினோரு பேரில் பெயரே இல்லாதவர் ஆட்ட நாயகன் ஆக முடியுமா?

ஆகியிருக்கிறார்! 2020 டிசம்பர், கான்பெரா. நம்ம சேலத்து நடராஜன் முதல் டி20 ஆடிய அதே மேட்ச். ஆஸ்திரேலியாவின் ஸ்டார்க் வீசிய பந்து நம்ம ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பட்டது. மனுஷர் அசராமல் தொடர்ந்து அடித்தார். ஆனால் தலையில் அடிபட்டால் மூளை அதிர்ச்சியின் அறிகுறிகள், தலைசுற்றலோ குமட்டலோ, தாமதமாகவும் தெரியலாம். அதனால் இடைவேளைக்குப் பிறகு அவருக்குப் பதில் சாஹல் வந்தார். மூன்று விக்கெட், ஆட்ட நாயகன் விருது! ஆஸ்திரேலியக் கோச் லாங்கருக்கு வந்த கோபத்தைப் பார்க்கணுமே!

தலையில் அடிபட்டவருக்குப் பதில் வருபவர் பந்தும் வீசலாம், பேட்டும் பிடிக்கலாம் என்ற இந்த விதி சர்வதேச கிரிக்கெட்டில் 2019-ல்தான் வந்தது. வழக்கமான மாற்று ஆளாக வந்திருந்தால், சாஹல் ஃபீல்டிங் மட்டும்தான் செய்திருக்க முடியும்.