கார்டு இருக்கிறது, மாத்திரை இருக்கிறதா?

1992 ஜூலையில் மேற்கு வங்கத்தில் விவசாயக் கூலித் தொழிலாளி ஒருவர் ரயிலிலிருந்து விழுந்தார். தலையில் பலத்த அடி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வசதியில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து கொல்கத்தா வரை அரசு மருத்துவமனைகள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கியும் படுக்கை காலியில்லை, கருவி இல்லை என்ற பதில்தான் கிடைத்தது. கடைசியில் தனியாரிடம் சேர்ந்து, சுமார் 17,000 ரூபாய் செலவழித்துப் பிழைத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. உரிய நேரத்தில் அரசு மருத்துவமனை சிகிச்சை தராதது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவது, நிதி இல்லை என்று அரசு கைகழுவ முடியாது என்று 1996-ல் தீர்ப்பளித்த நீதிமன்றம், அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடும் தரச் சொன்னது.

ஆனாலும் மருத்துவம் உரிமை என்று சொல்லும் சட்டம் நாடு முழுமைக்கும் இன்றுவரை இல்லை. தேசிய சுகாதாரக் கொள்கையின் 2015 வரைவில் அந்த யோசனை இருந்தது. 2017-ல் இறுதி வடிவம் வந்தபோது அது இல்லை. மருத்துவரும் வசதியும் போதாத ஊரில் சட்டம் ஏட்டுச் சுரைக்காய்தானே என்ற வாதம் வென்றது. அதை அலட்சியமாகத் தள்ள முடியாது. ஆனால் அடுத்த ஆண்டே மத்திய அரசு பிடித்த வழியைப் பாருங்கள்: குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு. தமிழகம் இந்த வழியில் 2009-லேயே இறங்கிவிட்டது. காப்பீட்டால் ஏழைகளுக்கு இதய அறுவை சிகிச்சை கிடைத்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காப்பீட்டு அட்டைக்கு வேலை, பெரும்பாலும் நோயாளி படுக்கையில் சேர்ந்த பிறகுதான். சர்க்கரை நோயாளியின் மாதாந்திர மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் அதன் கணக்கில் வராது. மாத்திரையை விட்டுவிட்டுச் சிறுநீரகம் கெட்டால் டயாலிசிஸ் செலவு வரும். இதைவிடத் தலைகீழான சிக்கனம் உண்டா? நம் மக்கள் கைக்காசிலிருந்து செய்யும் மருத்துவச் செலவில் பெரும்பகுதி மருந்துக்கும் புறநோயாளி சிகிச்சைக்கும்தான் போகிறது.

ஆகவே உரிமை என்று ஒன்று இருந்தால் அது தொடங்க வேண்டிய இடம் ஓ.பி. வரிசையும் மருந்து கொடுக்கும் ஜன்னலும். அது நடக்காத காரியமல்ல. 1994-ல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுமைக்கும் ஒரே டெண்டரில் மருந்து வாங்குகிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய் மருந்து என்று ஒதுக்கீடு. மாவட்டக் கிடங்கில் எடுக்க எடுக்கக் கணக்கு கழியும். வந்திறங்கும் மருந்தின் மாதிரி ஆய்வகத்தில் தேறினால்தான் கிடங்கைவிட்டு வெளியேறும். கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத் தங்களுக்கும் கழகம் அமைத்துக்கொண்டன. 2021-ல் வந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறது. ஆனால் இவையெல்லாம் அரசின் திட்டங்கள். குடிமகனின் உரிமைகள் அல்ல. ‘ஸ்டாக் இல்லை, வெளியில வாங்கிக்கோங்க’ என்று சீட்டில் எழுதித் தந்தால், அதைக் கொண்டுபோய்க் கேட்க ஓர் இடம் கிடையாது.

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். 2021-22 தேசிய சுகாதாரக் கணக்குப்படி நாட்டின் மொத்த மருத்துவச் செலவு உள்நாட்டு உற்பத்தியில் 3.83 சதவீதம்; அரசின் பங்கு 1.84 சதவீதம், மொத்தச் செலவில் 39.4 சதவீதம் நோயாளியின் சட்டைப்பையிலிருந்து வந்தது. பணம் ஏற்கெனவே செலவாகிக்கொண்டுதான் இருக்கிறது. நோய் வந்த நாளில், நோய் வந்தவரிடமிருந்து வசூலாகிறது, அவ்வளவே. அரசுச் செலவை 2025-க்குள் 2.5 சதவீதமாக்குவோம் என்றது அதே 2017 கொள்கைதான். இலவசமென்றால் தேவையில்லாமல் கூட்டம் சேரும் என்பது இன்னொரு பயம். அரை நாள் கூலியை விட்டுவிட்டு ஊசி போட்டுக்கொள்ள யாரும் ஆசைப்பட்டு வருவதில்லை.

தாய்லாந்து 2002-ல், ஒருமுறை சிகிச்சைக்கு 30 பாட் மட்டுமே என்று சட்டப்படி எல்லோரையும் காப்பீட்டுக்குள் கொண்டுவந்தபோது பணக்கார நாடல்ல. ஆனால் மருத்துவம் படித்து வெளிவருகிறவர்கள் அரசுப் பணி செய்தே தீரவேண்டும் என்று 1970-களிலேயே விதித்திருந்தது. மாவட்டந்தோறும் மருத்துவமனை கட்டியிருந்தது. அங்கே அட்டையை எடுத்துக்கொண்டு போக ஒரு கட்டடம் இருந்தது, அதற்குள் ஒரு டாக்டரும் இருந்தார். நாம் பல மாநிலங்களில் அட்டையை முதலில் அடித்துவிட்டோம்.

கடினமான கேள்வி ராஜஸ்தானிலிருந்து வருகிறது. 2023 மார்ச்சில் அங்கே மருத்துவ உரிமைச் சட்டம் நிறைவேறியது. அவசர சிகிச்சைக்கு முன்பணம் கேட்கக் கூடாது என்றது. தனியார் மருத்துவர்கள் தெருவுக்கு வந்தார்கள். எது அவசரம் என்று யார் தீர்மானிப்பது, அரசு எப்போது பணம் தரும் என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. முடிவில், 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனைகளுக்கும் அரசுச் சலுகை பெறாதவற்றுக்கும் விலக்கு என்று சமரசமானது. என் பார்வையில் அந்தச் சட்டம் சறுக்கிய இடம், செலவை ஏற்கும் கடமையை நாள் குறித்து அரசின் தலையில் தெளிவாக வைக்காததுதான். தமிழகத்திலோ சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கான செலவை ஒரு வரம்பு வரை, அவர் எந்த ஊர்க்காரர் என்று பாராமல் 2021 டிசம்பரிலிருந்து அரசே கொடுத்துவருகிறது. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளும் சிகிச்சை தருகின்றன. அதைச் சட்டமாக்கி, மாரடைப்புக்கும் பாம்புக்கடிக்கும் நீட்டிக்கலாம். மருத்துவமனை ‘இல்லை’ என்று எழுதித் தரும் மருந்தை வெளியே வாங்கிய பில்லுக்கு இத்தனை நாளில் பணம் திரும்பும் என்றும் ஒரு பிரிவு சேர்க்கலாம். அப்போது எந்தக் கிடங்கில் எந்த மாத்திரை தீர்ந்தது என்ற கணக்கு மாதாமாதம் நிதித்துறையின் மேசைக்குத் தானாகவே போய்ச் சேரும்.